மாதம் தோறும் வராத செலவுக்கும் இடம் வைத்து: எக்செல் ஷீட்டில் வீட்டுக் கணக்கு, முழுமையான வழிகாட்டி

எங்கள் அப்பா நாற்பது வருடம் வீட்டுக் கணக்கு எழுதினார். வருடத்துக்கு ஒரு நீள நோட்டு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, பக்கத்தின் அடியில் இருப்பு. பால்காரருக்குக் கொடுத்ததில் இருந்து கோயில் உண்டியலில் போட்டது வரை எல்லாம் அதில் இருக்கும். இருந்தும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும். தை பிறந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பும். நோட்டில் ஒரு ரூபாய் தப்பு இருக்காது. ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். அந்த ஃபீஸை ஜனவரியிலேயே மாதக் கணக்காகப் பிரித்துப் பார்க்க அந்த நோட்டில் வழி இல்லை.

நான் கூகுள் ஷீட்ஸில் வீட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்தது அந்த வளையலுக்காகத்தான். காய்கறியில் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, மாதம் தோறும் வராத செலவுகளை முன்கூட்டியே கண்ணில் படும்படி வைப்பதுதான் வீட்டுக் கணக்கின் முக்கிய வேலை என்று நம்புகிறேன். கீழே சொல்லும் ஷீட் அந்த நம்பிக்கையில் கட்டியது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் மூன்றிலும் இது வேலை செய்யும்; கால்க்கில் மட்டும் ஃபார்முலாவில் ஷீட்டின் பெயருக்குப் பின் வரும் ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி வைக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் தங்கள் போனிலேயே திறந்து எழுத வேண்டும் என்றால் கூகுள் ஷீட்ஸ் வசதி.

ஒரு குறிப்பு: ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஷீட்டில் அடிக்கும்போது ஃபார்முலாவின் பெயரையும் நெடுவரிசை எழுத்துகளையும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஏ, பி, சி என்று நான் சொல்வது ஷீட்டின் மேலே தெரியும் அந்த எழுத்துகளைத்தான். கீழே வரும் பெயர்களை அடிக்க வேண்டிய விதம்: சம்இஃப் (SUMIF), சம்இஃப்ஸ் (SUMIFS), இடேட் (EDATE), எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR), பிஎம்டி (PMT).

முதல் படி: ஒரே ஒரு பதிவேடு

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பலர் ஏப்ரலுக்கு ஒரு ஷீட், மே மாதத்துக்கு ஒரு ஷீட் என்று பிரித்துவிடுவார்கள். அப்படிப் பிரித்தால் நோட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் வித்தியாசமே இருக்காது. "போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆச்சு?" என்று யாராவது கேட்டால் பன்னிரண்டு ஷீட்டைப் புரட்ட வேண்டி வரும். வருடம் முழுவதற்கும் ஒரே நீளப் பட்டியல் போதும். ஒரு வரிசைக்கு ஒரு செலவு. மாதவாரியாகப் பிரிக்கும் வேலையை ஃபார்முலா பார்த்துக்கொள்ளும்.

புதிய ஃபைலில் முதல் ஷீட்டுக்குப் "பதிவு" என்று பெயர் வையுங்கள். முதல் வரிசையில் ஆறு தலைப்புகள்: ஏ என்பது தேதி, பி விவரம், சி தலைப்பு, டி எந்தப் பணம், இ வரவு, எஃப் செலவு. "எந்தப் பணம்" என்பது பணம் எங்கிருந்து போனது அல்லது எங்கே வந்தது என்பது: கைப்பணம், சம்பள வங்கி, மனைவியின் வங்கி, கிரெடிட் கார்டு என்று. மேலே உள்ள மெனுவில் வியூ, ஃப்ரீஸ் என்று போய் முதல் வரிசையை நிறுத்தி வையுங்கள். ஆயிரம் வரிசை கீழே போனாலும் தலைப்பு மேலேயே நிற்கும்.

முதல் சில வரிசைகளில் இன்றைய தேதியைப் போட்டு, ஒவ்வொரு பணத்திலும் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று வரவில் எழுதுங்கள். தலைப்பு "தொடக்க இருப்பு". கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் அதைச் செலவு நெடுவரிசையில் எழுத வேண்டும். ஜனவரி பிறக்கட்டும், ஏப்ரல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று 17ஆம் தேதி என்றால் 17ஆம் தேதியே ஆரம்பிக்கலாம்.

தலைப்புகளைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தலைப்பு அதிகமானால் எழுத அலுப்பாகும். ரொம்பக் குறைந்தால் கணக்கு எதையும் சொல்லாது. எங்கள் வீட்டில் பதினைந்தில் நிற்கிறது: மளிகை, காய்கறி-பால்-கறி, வாடகை, மின்சாரம்-தண்ணீர்-கேஸ், போன்-இணையம், பெட்ரோல்-பயணம், பள்ளி, மருத்துவம், காப்பீடு, வெளிச்சாப்பாடு, துணிமணி, விசேஷம்-மொய், பெற்றோருக்கு அனுப்புவது, கடன் தவணை, சில்லறை.

காய்கறி, பால், கறிமீன் மூன்றையும் முதலில் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். நான்கு மாதம் போன பிறகு, அந்தப் பிரிவினையால் நாங்கள் எந்த முடிவும் எடுக்கவில்லை என்று தெரிந்தது, சேர்த்துவிட்டேன். வெளிச்சாப்பாட்டை மட்டும் மளிகையோடு சேர்க்காதீர்கள். அந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால்தான் அதைப் பற்றி வீட்டில் பேச்சு வரும்.

செலவாக எண்ணக் கூடாதவற்றுக்கும் தலைப்பு தேவை. அதில் முக்கியமானது "மாற்றம்". ஏடிஎம்மில் 5,000 எடுத்தால் அது செலவு ஆகாது. வங்கியில் இருந்த பணம் பர்ஸுக்கு வந்திருக்கிறது. அதை இரண்டு வரிசையாக எழுதுங்கள்: சம்பள வங்கியில் செலவு 5,000, கைப்பணத்தில் வரவு 5,000, இரண்டுக்கும் தலைப்பு "மாற்றம்". கிரெடிட் கார்டு பில் கட்டுவதும் இதே மாதிரிதான். கார்டைத் தேய்த்த அன்றே துணிமணி, மருத்துவம் என்று செலவு எழுதியாகிவிட்டது. பில் கட்டும் நாளில் மறுபடியும் செலவாக எழுதினால் ஒரே சேலையை இரண்டு முறை வாங்கியதாகிவிடும்.

தலைப்பைக் கையால் அடிக்காதீர்கள்

"அமைப்பு" என்று இன்னொரு ஷீட் போட்டு, எல்லாத் தலைப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பக்கத்து நெடுவரிசையில் பணங்களின் பெயர்கள். பிறகு "பதிவு" ஷீட்டில் சி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் போய், அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். இனி கட்டத்தைத் தொட்டாலே பட்டியல் விரியும். அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். டி நெடுவரிசைக்கும் அப்படியே செய்யுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது கட்டாயம் தேவை என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. "மொய்" என்ற சொல்லில் வரும் "மொ" என்ற எழுத்தை ஒரு கீபோர்டு ஒரே குறியாகப் பதிவு செய்யும். இன்னொன்று ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகப் பதிவு செய்யும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஷீட் அவற்றை வேறு வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளலாம். அப்போது கூட்டுத்தொகையில் பாதி மொய் காணாமல் போகும், ஏன் என்றும் புரியாது. சொல்லின் கடைசியில் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் ஃபைல், செட்டிங்ஸ், லொகேல் என்று போய் இந்தியா என்று வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால் 5/6 என்று நீங்கள் அடிக்கும் ஜூன் 5ஐ அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். அடித்த தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் ஷீட் அதைத் தேதியாகப் புரிந்துகொண்டது. இடப்பக்கம் ஒட்டி நின்றால் வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது, கூட்டலில் வராது.

லட்சத்துக்கு லட்சம் மாதிரியே கமா விழ வேண்டும் என்றால், எண் வடிவத்தில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து இதைப் போடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

எழுதுகிற பழக்கம்

யுபிஐ வந்த பிறகு செலவு எழுதுவது ஒரு வகையில் சுலபம், இன்னொரு வகையில் கஷ்டம். எல்லாமே வங்கி ஸ்டேட்மென்ட்டில் வந்துவிடுகிறது. ஆனால் அதில் ஒரு கடைக்காரரின் சொந்தப் பெயர் மட்டும்தான் இருக்கும். அது டீக்கடையா, பூக்கடையா, பஞ்சர் கடையா என்று பத்து நாள் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. அதனால் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் "பூ", "பஞ்சர்" என்று ஒரு சொல் போடும் பழக்கத்தை நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டோம்.

போனில் ஷீட்டைத் திறந்து சின்னக் கட்டங்களைத் தேடுவது சிரமமாக இருந்தால் ஒரு கூகுள் ஃபார்ம் செய்துகொள்ளுங்கள். விவரம், தலைப்பு, எந்தப் பணம், தொகை என்று நான்கே கேள்விகள். அனுப்பிய நேரம் தானாகப் பதிவாகும். ஃபார்மின் லிங்க்கைப் போனின் முகப்பில் ஐகானாக வைத்துவிட்டால், கடையில் இருந்து வண்டிக்கு நடக்கும் நேரத்திலேயே எழுதி முடிக்கலாம். ஃபார்மில் வந்ததை ஞாயிற்றுக்கிழமை "பதிவு" ஷீட்டுக்கு நகல் எடுத்து ஒட்டுவோம்.

பத்து ரூபாய், இருபது ரூபாய்ச் சில்லறையை எல்லாம் துரத்த வேண்டாம். வாரக் கடைசியில் பர்ஸில் எவ்வளவு குறைகிறதோ அதை "சில்லறை" என்று ஒரே வரிசையில் போட்டுவிடுங்கள். அந்த எண் வாரா வாரம் பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் உட்கார்ந்து பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். "இருப்பு" என்று ஒரு ஷீட் போட்டு, ஏ நெடுவரிசையில் பணங்களின் பெயர்களை எழுதுங்கள். பி2 கட்டத்தில்:

=சம்இஃப்('பதிவு'!$டி:$டி, $ஏ2, 'பதிவு'!$இ:$இ) - சம்இஃப்('பதிவு'!$டி:$டி, $ஏ2, 'பதிவு'!$எஃப்:$எஃப்)

அந்தப் பணத்தில் வந்ததையெல்லாம் கூட்டி, போனதையெல்லாம் கழித்தால் வரும் இருப்பு இது. சி நெடுவரிசையில் வங்கி ஆப் காட்டும் உண்மையான இருப்பை அடியுங்கள். டி நெடுவரிசையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வித்தியாசம் பூஜ்யம் என்றால் கணக்கு சரி. ஷீட்டின் பெயர் தமிழில் இருப்பதால் அதைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறி போட மறக்க வேண்டாம்.

வித்தியாசம் வந்தால் தேடுவதற்குக் கணக்குப்பிள்ளைகள் காலம் காலமாகச் செய்யும் வழி இருக்கிறது. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 540ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. இரட்டை எண்ணாக இருந்தால் அதில் பாதியைத் தேடிப் பாருங்கள். செலவில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரு மடங்காக வரும். இரண்டும் இல்லை என்றால் வங்கியே ஏதாவது கட்டணம் பிடித்திருக்கும், அல்லது வட்டி போட்டிருக்கும்.

வாரா வாரம் சரிபார்த்தால் பத்துப் பதினைந்து வரிசையில் தேடினால் போதும். மூன்று மாதம் விட்டுவிட்டுப் பார்த்தால் நூற்றைம்பது, இருநூறு வரிசை. கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டவர்களிடம் கேட்டால், எழுதச் சோம்பல் என்று சொல்பவர்கள் குறைவு. ஒரு கட்டத்தில் கணக்கு உதைத்தது, எங்கே என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

மாதக் கணக்கு

"மாதம்" என்ற ஷீட்டில் ஏ நெடுவரிசையில் செலவுத் தலைப்புகள். முதல் வரிசையில் பி1 முதல் ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதி: 1/4/2025, 1/5/2025 என்று. பார்ப்பதற்கு மாதப் பெயர் மட்டும் தெரியும்படி வடிவம் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே தேதி இருக்க வேண்டும். பி2 கட்டத்தில்:

=சம்இஃப்ஸ்('பதிவு'!$எஃப்:$எஃப், 'பதிவு'!$சி:$சி, $ஏ2, 'பதிவு'!$ஏ:$ஏ, ">="&பி$1, 'பதிவு'!$ஏ:$ஏ, "<"&இடேட்(பி$1, 1))

செலவு நெடுவரிசையைக் கூட்டு. ஆனால் தலைப்பு இதுவாக இருக்க வேண்டும், தேதி இந்த மாதம் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும், அடுத்த மாதம் முதல் தேதிக்கு முன்பாகவும் இருக்க வேண்டும். இதைத்தான் அந்த ஃபார்முலா சொல்கிறது. டாலர் குறிகளை அப்படியே வைத்தால், இந்த ஒரு கட்டத்தைப் பிடித்து வலப்பக்கமும் கீழேயும் இழுத்தாலே முழு அட்டவணையும் நிரம்பிவிடும்.

அடியில் ஒரு சோதனை வரிசை வையுங்கள். அந்த மாதத்தின் மொத்தச் செலவு (தலைப்பு நிபந்தனை இல்லாமல், "மாற்றம்", "தொடக்க இருப்பு" இரண்டையும் கழித்து), தலைப்புவாரிக் கூட்டலோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு வரிசையில் தலைப்பு போட விட்டிருக்கிறீர்கள்.

ஆண்டுச் செலவு ஷீட்: வளையலுக்கான ஷீட்

இப்போதுதான் நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். "ஆண்டு" என்று ஒரு ஷீட். மாதம் தோறும் வராத, ஆனால் நிச்சயம் வரப்போகும் செலவுகளை எல்லாம் இதில் எழுதுங்கள். எந்த மாதம் வரும், எவ்வளவு, வருடத்தில் எத்தனை முறை.

ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கட்டணம் ஜூனிலும் நவம்பரிலும் 22,000 வீதம் 44,000. விசேஷம், மொய் 30,000. தீபாவளி 25,000. மருத்துவக் காப்பீடு 24,000. ஆயுள் காப்பீடு 18,000. பொங்கல் 8,000. குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர 7,000. சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 6,400. வண்டி சர்வீஸ் 3,600. வண்டி இன்ஷூரன்ஸ் 1,900. கூட்டினால் 1,67,900. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 14,000.

மாதச் சம்பளம் 50,000, மாதச் செலவு 42,000, எட்டாயிரம் மிச்சம் என்று அந்தக் குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் மாதம் ஆறாயிரம் பற்றாக்குறை. அதைத்தான் ஜூனில் அடகுக் கடையும் அக்டோபரில் கிரெடிட் கார்டும் நிரப்புகின்றன. இந்த ஓர் எண்ணைப் பார்த்த அன்று எங்கள் வீட்டில் இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இது இவ்வளவு நாளா எங்க ஒளிஞ்சிருந்துச்சு?"

அந்த மாதத் தொகைக்கு ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். சம்பளம் வந்த மறுநாளே அங்கே போய்விட வேண்டும். ஷீட்டில் இது "மாற்றம்"தான். பிறகு அந்தக் கணக்கில் இருந்து ஃபீஸ் கட்டும்போதுதான் "பள்ளி" என்று செலவாகும்.

முதல் வருடம் மட்டும் பன்னிரண்டால் வகுத்தது போதாது. நீங்கள் ஜனவரியில் ஆரம்பிக்கிறீர்கள், ஜூனில் 22,000 வேண்டும் என்றால் கையில் ஐந்து மாதம்தான் இருக்கிறது. மாதம் 1,833 போட்டால் ஜூனில் பாதிகூடச் சேர்ந்திருக்காது. 4,400 போட வேண்டும். அதனால் "இன்னும் எத்தனை மாதம்" என்று ஒரு நெடுவரிசை வைத்து, தொகையை அதனால் வகுங்கள். முதல் ஆறேழு மாதம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் முடியவில்லை என்றால் எது தவறினால் வட்டி கட்ட வேண்டி வருமோ அதை முதலில் நிரப்புங்கள்.

இதே ஷீட்டில் நாள் தவறினால் நட்டம் வரும் விஷயங்களையும் குறித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கும். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் வட்டியை மாதத்தின் 5ஆம் தேதி முடிவுக்கும் கடைசி நாளுக்கும் இடையில் உள்ள குறைந்த இருப்புக்குத்தான் போடுவார்கள். 6ஆம் தேதி கட்டினால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி கிடையாது.

மின்சாரம்: இடையில் ஒரு முறை மீட்டரைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அதிகக் கட்டணம் இல்லை. கீழே உள்ள யூனிட்டுகளின் விகிதமும் மாறும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதற்குப் பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன, உங்கள் ரசீதைப் பார்த்து எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன ஷீட் போதும்: தேதி, மீட்டர் அளவு, கடைசிக் கணக்கீட்டில் இருந்து ஓடிய யூனிட், அதை நாட்களால் வகுத்து அறுபதால் பெருக்கினால் எதிர்பார்க்கும் மொத்தம். முப்பதாவது நாளில் அது 530 என்று காட்டினால் மீதி மாதத்தில் ஏசியைக் கொஞ்சம் குறைத்து 500க்குள் நிறுத்த முடியும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியையும் அதே ஷீட்டில் ஓரமாக எழுதி வைத்தால் அடுத்ததை எப்போது புக் செய்வது என்று தெரியும்.

மொய் நோட்டை ஷீட்டுக்குக் கொண்டுவருவது

நம் வீடுகளில் மொய் நோட்டு என்பது ஒரு தலைமுறை எழுதி அடுத்த தலைமுறை கட்டும் கணக்கு. புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே நடக்கிறது. அங்கே ஒரு வீட்டுக்கு வரும் மொய் லட்சங்களைத் தொடும். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் "அவங்க நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு வச்சாங்க?" என்று பரணில் இருந்து நோட்டை எடுத்துப் புரட்டாத வீடு குறைவு.

"மொய்" ஷீட்டில் நெடுவரிசைகள்: ஊர், இனிஷியல், பெயர், உறவு, அவர்கள் வைத்தது, எந்த விசேஷம், தேதி, நாம் வைத்தது, எந்த விசேஷம், தேதி. ஊரை முதலில் எழுதுங்கள், மொய் எழுதுகிறவர்கள் எழுதுகிற மாதிரியே. ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள், ஊரும் இனிஷியலும்தான் ஆளைக் காட்டும். அவர்கள் வைத்ததில் இருந்து நாம் வைத்ததைக் கழித்தால், யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டியிருக்கிறது என்று தெரியும். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வைப்பதுதான் வழக்கம் என்பதால், அந்த வித்தியாசத்துக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டு விசேஷத்தில் வந்த மொய்யை வருமானத்தோடு சேர்க்காதீர்கள். "மொய் வரவு" என்று தனித் தலைப்பு கொடுங்கள். அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். அதை வருமானமாக நினைத்து வண்டி வாங்கிய வீட்டில், அடுத்த நான்கைந்து வைகாசிகளும் கஷ்டமாகத்தான் போகும்.

பழைய நோட்டை ஷீட்டில் ஏற்றுவது பெரிய வேலை. நாங்கள் அம்மாவை உட்கார வைத்து அவர் படிக்கப் படிக்க அடித்தோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொன்னார். நான்கு சாயங்காலம் ஆனது. ஷீட்டின் "உறவு" நெடுவரிசையில் இருக்கும் பாதி விவரம் அம்மா சொல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார முடிகிறபோதே இதைச் செய்துவிடுங்கள்.

சீட்டும் கடனும்

ஏலச்சீட்டு வீட்டுக் கணக்கைக் குழப்பும், ஏனென்றால் எடுக்கும் வரை அது சேமிப்பு, எடுத்த பிறகு கடன். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் ஒருவர் 30,000 தள்ளி (விட்டுக்கொடுத்து) எடுக்கிறார். அதில் நடத்துகிறவருக்கு 5 சதவீதம் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 1,250 கழிவு. நீங்கள் கட்டுவது 3,750. பதிவில் 3,750 மட்டும் எழுதுங்கள், தலைப்பு "சீட்டு". சீட்டை எடுக்கும் மாதத்தில் வரும் தொகைக்கு "சீட்டு எடுத்தது" என்று தலைப்பு. வருமானத்தில் கூட்டக் கூடாது.

கட்டிய ஒவ்வொரு தொகையையும் மைனஸிலும், எடுத்ததைப் பிளஸிலும், பக்கத்தில் தேதிகளோடு எழுதி, எக்ஸ்ஐஆர்ஆர் என்ற ஃபார்முலாவைப் போட்டால், கடைசி மாதம் வரை காத்திருந்து எடுத்தவருக்கு வருடத்துக்கு எத்தனை சதவீதம் கிடைத்தது என்று வந்துவிடும். அந்த எண்ணை வங்கி ஆர்டி (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டு, பதிவு எண்ணை ஷீட்டிலேயே எழுதி வையுங்கள். நடத்துகிறவரின் கமிஷனுக்கு 2019 திருத்தத்தின்படி உச்ச வரம்பு 7 சதவீதம்.

வீட்டுக் கடனுக்கு ஷீட் செய்யும் உதவி பெரியது. 20 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால்:

=பிஎம்டி(8.5%/12, 240, -2000000)

மாதத் தவணை ஏறத்தாழ 17,356 என்று வரும். முதல் மாதத்தில் அதில் 14,167 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 3,190 ரூபாய் மட்டும். 20 வருடத்தில் கட்டும் வட்டி மட்டும் ஏறத்தாழ 21.66 லட்சம். இதற்கு ஒரு மாதவாரி அட்டவணை போடுங்கள்: பாக்கி, வட்டி (பாக்கி × 8.5% ÷ 12), அசல் (தவணை கழித்தல் வட்டி), அதற்கடுத்து "கூடுதல்" என்று ஒரு நெடுவரிசை. கூடுதலில் மாதம் 2,000 போட்டுப் பாருங்கள். 240 மாதக் கடன் 187ஆவது மாதத்தில் முடியும். வட்டியில் ஐந்தரை லட்சம் போல மிச்சமாகும். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது. ஆனால் கூடுதலாகக் கட்டும்போது, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

"ஆண்டு" ஷீட் நிரம்பாமல் இந்த 2,000ஐக் கட்ட வேண்டாம். 8.5 சதவீதக் கடனை அடைக்கப் போய், ஜூனில் அதைவிட அதிக வட்டிக்கு நகையை வைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

எங்கே என்ன இருக்கிறது

கடைசி ஷீட்டில் ஃபார்முலா எதுவும் இல்லை. அப்பா இறந்த பிறகு நானும் அக்காவும் இரும்புப் பீரோவில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். எந்த பாலிசி நடப்பில் இருக்கிறது, எந்த டெபாசிட்டுக்கு யார் நாமினி, யாருக்குக் கைமாத்து கொடுத்திருந்தார், எதுவும் ஓர் இடத்தில் இல்லை. துக்கத்தில் இருக்கும்போது செய்கிற வேலை இல்லை அது.

அதனால் ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள்: வங்கிகள், கிளை, பாலிசிகள், எந்த மாதம் பிரீமியம், நாமினி யார், வைப்புகள் முதிரும் தேதி, அடகில் உள்ள நகை, அதன் கெடு, கொடுத்த கைமாத்து, வாங்கிய கைமாத்து, பத்திரம் எந்த லாக்கரில் இருக்கிறது. கார்டு எண், பின், பாஸ்வேர்டு, ஓடிபி சம்பந்தப்பட்ட எதையும் எழுத வேண்டாம்; கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். ஃபைலைப் பகிரும்போது லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்பதைத் தேர்ந்தெடுக்காமல், மனைவி அல்லது கணவரின் மின்னஞ்சலை மட்டும் சேர்த்து, எழுதும் உரிமையும் கொடுங்கள். உங்கள் கூகுள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும்.

மார்ச் 31 அன்று

வருடம் முடியும் நாளில் "இருப்பு" ஷீட்டில் எல்லா வித்தியாசமும் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு, ஃபைலை முழுவதாக நகல் எடுங்கள். பழையதை டவுன்லோடு செய்து பென் டிரைவில் ஒன்று வையுங்கள். புதிய நகலில் "பதிவு" ஷீட்டின் வரிசைகளை அழித்து, மார்ச் 31 இருப்புகளை ஏப்ரல் 1 தேதியிட்டுத் தொடக்க இருப்பாகப் போடுங்கள். "மாதம்" ஷீட்டின் முதல் வரிசைத் தேதிகளை மாற்றினால் அட்டவணை தானாகப் புது வருடத்துக்கு மாறிவிடும். "மொய்", "எங்கே என்ன" இரண்டையும் அழிக்காதீர்கள், அவை அப்படியே தொடர வேண்டும்.

"ஆண்டு" ஷீட்டில் போன வருடம் நினைத்த தொகைக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன தொகையை எழுதி, புது வருடத்துக்கான எண்களைத் திருத்துங்கள். எங்கள் வீட்டில் தீபாவளி முதல் வருடம் 25,000 என்று போட்டு 33,000 ஆனது; அடுத்த வருடம் 33,000 என்றே போட்டோம். பள்ளி புதுக் கட்டண விவரம் அனுப்பியதும் ஜூன் மாதத்துக்கு எதிரே உள்ள கட்டத்தை மாற்றிவிட்டு, தனிக் கணக்கில் அந்த அளவு பணம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.